எம்சிஎஃப்-7 மீடியத்தில் ஐஜிஎஃப் பிணைப்புப் புரதங்களை அளப்பது எப்படி

மார்பகப் புற்றுநோய் செல்லுக்கு ஒரு மருந்து கொடுத்தாயிற்று. ஐஜிஎஃப் எனப்படும் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியைப் பிடித்து வைக்கும் புரதங்களில் ஒன்றான ஐஜிஎஃப்பிபி-3 கூடியதா, குறைந்ததா? ஓர் எலைசா (ஆன்டிபாடியால் புரத அளவைக் காட்டும் சோதனை) கிட் வாங்கி, தட்டில் ஊற்றி, வரும் எண்ணை எழுதிவிடுவதுதான் பலரும் செய்வது. எண் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தப் புரதம் முழுசாக இருக்கிறதா, நொதி வெட்டிய துண்டா, வளர்ச்சிக் காரணியை இன்னும் பிடிக்கும் நிலையில் இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. பிணைப்புப் புரதத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். ஆகவே செல் வளர்ந்த ஒரே மீடியத்தை லிகண்ட் ப்ளாட் (ஐஜிஎஃப்-ஐயே ஊற்றிப் பார்ப்பது), ஆன்டிபாடி ப்ளாட், எலைசா என்று மூன்று வழியில் பார்க்கும் முறையை இங்கே கொடுக்கிறோம். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ முதுகலை, முனைவர் பட்ட ஆய்வு தொடங்குபவர்களை மனத்தில் வைத்து எழுதியது. செல் வளர்ப்பும் வெஸ்டர்ன் ப்ளாட்டும் ஓரளவு கைவந்தவர்கள் நேராகத் தொடங்கலாம்.

எதை எதிர்பார்க்கலாம்

இறுக்கமாகப் பிணையும் பிணைப்புப் புரதங்கள் ஆறு. ஐஜிஎஃப்பிபி-1 முதல் ஐஜிஎஃப்பிபி-6 வரை; லேப் பேச்சில் பிபி-1 முதல் பிபி-6 வரை. இவை பிடிப்பது ஐஜிஎஃப்-1, ஐஜிஎஃப்-2 இரண்டையும்தான். முதலாவதில் 70 அமினோ அமிலம், இரண்டாவதில் 67. இன்சுலினைப் பிடிப்பதில்லை. செல் மேலுள்ள ஐஜிஎஃப் ஏற்பி பிடிக்கும் வலுவுக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ இவை பிடிக்கும் என்பதால், பிபி பக்கத்தில் இருக்கும்போது ஐஜிஎஃப் ஏற்பியிடம் போய்ச் சேருவது குறையும். பிபி-யை ஒரு நொதி வெட்டினால் பிடி தளர்ந்து ஐஜிஎஃப் விடுபடும். அளவு மாறாமலேயே விளைவு தலைகீழாகும் இடம் இது.

ஜெல்லில் எங்கே தேடுவது என்பதற்கு, ஒடுக்கும் பொருள் சேர்க்காத நிலையில்: பிபி-3 சர்க்கரை ஒட்டிய புரதம், 38 முதல் 43 கிலோடால்டன் வரை இரட்டைப் பட்டையாக வரும். பிபி-2 சுமார் 34. பிபி-1, பிபி-5 இரண்டும் 30-ஐ ஒட்டி. பிபி-4 சர்க்கரை இல்லாமல் 24, சர்க்கரையோடு 28. பிபி-6 ஐஜிஎஃப்-2 மேல்தான் அதிகம் சாயும்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள எம்சிஎஃப்-7 என்னும் மார்பகப் புற்றுநோய் செல் பெரும்பாலும் பிபி-2, பிபி-4 இரண்டையும் சுரக்கும். பிபி-3 மிகக் குறைவு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத எம்டிஏ-எம்பி-231, எச்எஸ்-578டி செல்களில் பிபி-3 கண்ணுக்கு நன்றாகத் தெரியும். எனவே எம்சிஎஃப்-7 மட்டும் வைத்துக்கொண்டு பிபி-3 தேடினால் வெறும் ப்ளாட்தான் மிஞ்சும். முறை தவறா, புரதமே இல்லையா என்று பிரித்துச் சொல்ல வழியிருக்காது. இரண்டில் ஒரு ஏற்பியற்ற செல்லைக் கட்டாயம் கூடவே ஓட்டுங்கள். எம்சிஎஃப்-7-லேயே பிபி-3-ஐ ஏற்ற வேண்டுமென்றால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் 100 நானோமோலார் அல்லது ரெட்டினாயிக் அமிலம் 1 மைக்ரோமோலார், 72 மணி நேரம். எஸ்ட்ரடையால் என்னும் ஈஸ்ட்ரோஜன் அதைக் குறைக்கும்.

பழைய கட்டுரைகளில் எம்டிஏ-எம்பி-435 என்ற செல்லை மார்பகப் புற்றுநோய் என்று போட்டிருப்பார்கள். அது எம்14 என்னும் மெலனோமா செல்லோடு ஒத்துப்போவது பின்னால் தெரிந்தது. அந்தத் தரவை உங்கள் ஒப்பீட்டு அட்டவணையில் சேர்க்க வேண்டாம். கையில் உள்ள செல்லுக்கும் எஸ்டிஆர் அடையாளச் சோதனை, மைகோபிளாஸ்மா சோதனை இரண்டையும் முடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மீடியம் சேகரிப்பு

இந்த வேலையில் பாதிப் பிழை இங்கேதான் நுழைகிறது. மாட்டு சீரத்தில் பிணைப்புப் புரதங்கள் நிறைய உண்டு. 10 சதவீத சீரம் உள்ள மீடியத்தை எடுத்து ப்ளாட் செய்தால் நீங்கள் பார்ப்பது மாட்டினுடையது. எம்சிஎஃப்-7-க்கு ஏடிசிசி செல் வங்கி பரிந்துரைக்கும் மீடியத்தில் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் இன்சுலினும் இருக்கிறது. அந்தச் செறிவில் இன்சுலின் ஐஜிஎஃப் ஏற்பியையே தூண்டிவிடும். ஆகவே ஐடிஎஸ் போன்ற இன்சுலின் கலவையைச் சேகரிக்கும் மீடியத்தில் சேர்க்கக் கூடாது. டிரான்ஸ்ஃபெரின் மட்டும் தனியாக வாங்கிச் சேர்க்கலாம்.

ஹார்மோன் சோதனை என்றால் ஃபீனால் ரெட் இல்லாத மீடியம் தேவை. அந்தச் சாயத்துக்கே லேசான ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு. முதலில் 48 முதல் 72 மணி நேரம் அந்த மீடியத்தில் கரியால் வடித்த சீரம் 5 சதவீதம் சேர்த்து வளர்க்கவும். எஸ்ட்ரடையாலை எத்தனாலில் கரைத்து, மீடியத்தில் எத்தனால் 0.1 சதவீதம் தாண்டாமல் கொடுக்கவும். கட்டுப்பாட்டு ஃபிளாஸ்க்குக்கும் அதே அளவு எத்தனால்.

டி-75 ஃபிளாஸ்க்கில் செல்கள் 70, 80 சதவீதம் நிரம்பியதும் வெதுவெதுப்பான பிபிஎஸ்-ஆல் இரண்டு முறை கழுவுங்கள். சீரம் இல்லாத மீடியம் 10 மி.லி. ஊற்றி மூன்று மணி நேரம் வைத்து, அதைக் கொட்டிவிடுங்கள். செல் மேலும் பிளாஸ்டிக் மேலும் ஒட்டியிருந்த சீரப் புரதம் இதில் கழன்று போகும். இந்தப் படியைத் தவிர்த்தவர்களின் ப்ளாட்டில்தான் கட்டுப்பாட்டு லேனில் காரணமில்லாமல் பட்டை வரும். பிறகு புதிதாக 10 மி.லி. ஊற்றி, மருந்தையும் மீண்டும் சேர்த்து, 24 மணி நேரம் வளர்க்கவும். 48 வரை போகலாம். அதற்கு மேல் போனால் செல் சாகத் தொடங்கி, உள்ளிருக்கும் நொதிகள் வெளியே கொட்டி, பிபி-யை வெட்டிவிடும். டிரைபான் நீலத்தில் உயிருள்ள செல் 95 சதவீதத்துக்குக் கீழே போன ஃபிளாஸ்க்கை ஒதுக்குங்கள்.

ஃபீனால் ரெட் இல்லாததால் மீடியம் புளித்தாலும் நிறம் மாறிக் காட்டாது. சேகரித்தவுடன் ஒரு சொட்டைப் பிஎச் தாளில் வைத்துப் பாருங்கள். எம்சிஎஃப்-7 காதெப்சின்-டி சுரக்கும் செல்; அந்த நொதி அமிலத்தில்தான் விழிக்கும். பிஎச் இறங்கிய மீடியத்தில் பிபி-3 வெட்டுப்பட்டிருந்தால் அது மருந்தின் வேலையா புளிப்பின் வேலையா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மீடியத்தில் 20 மில்லிமோலார் ஹெப்பெஸ் சேர்த்து வைப்பது நல்லது.

எடுத்த மீடியத்தை 4 டிகிரியில் முதலில் 300 ஜி, 5 நிமிடம். மேல் நீரை வேறு டியூபுக்கு மாற்றி 3,000 ஜி, 10 நிமிடம். இப்போது இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கில் இடிடிஏ 5 மில்லிமோலார், பிஎம்எஸ்எஃப் 1 மில்லிமோலார், அப்ரோட்டினின் மூன்றும். மறு பங்கில் எதுவும் வேண்டாம். நொதிச் சோதனைக்கு அது வேண்டும். தடுப்பானை எல்லாவற்றிலும் கலந்துவிட்டுப் பிறகு நொதிச் சோதனை செய்ய நினைத்தால் மறுபடி செல் வளர்க்க வேண்டியதுதான். பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் சீக்கிரம் கெட்டுவிடும். சேர்க்கும் நேரத்தில்தான் எடுக்க வேண்டும்.

பிபி-3 நேர்மின் பகுதி உள்ள, ஒட்டிக்கொள்ளும் புரதம். செல் மேற்பரப்பில் கொஞ்சம், டியூப் சுவரில் கொஞ்சம் என்று தங்கிவிடும். புரதம் ஒட்டாத டியூபையே பயன்படுத்துங்கள். மீடியத்தில் ஐஜிஎஃப்-1 சேர்த்தால் பிபி-3 கூடியதுபோல் தெரியும். புதிதாகச் சுரந்ததாகவும் இருக்கலாம். செல் மேலிருந்து கழன்று வந்ததாகவும், ஐஜிஎஃப் பிடித்திருந்ததால் வெட்டுப்படாமல் தப்பியதாகவும் இருக்கலாம். ஆர்என்ஏ அளவையும் பார்க்காமல் 'சுரப்பு கூடியது' என்று எழுதாதீர்கள்.

ஃபிளாஸ்க்கில் மிஞ்சிய செல்களை டிரிப்சின் போட்டு எடுத்து எண்ணி, எண்ணை எழுதி வையுங்கள். இந்த எண் இல்லாவிட்டால் அடுத்த படியே நடக்காது.

செறிவாக்கல், லேனுக்கு எவ்வளவு

வடிகட்டிச் செறிவாக்கும் டியூபில் 10 கிலோடால்டன் வரம்பு உள்ளதை எடுங்கள். லேபில் மிச்சம் இருக்கிறதே என்று 30 கிலோடால்டன் வடிகட்டியை எடுத்தால் பிபி-4-ம் வெட்டுப்பட்ட துண்டுகளும் கழிவுநீரோடு ஓடிவிடும். 10 மி.லி.யை 250 மை.லி.க்குக் கொண்டுவந்தால் 40 மடங்கு. மீடியத்தில் பிஎஸ்ஏ (மாட்டு சீர அல்புமின்) சேர்த்திருந்தால் அதுவும் 40 மடங்காகி, 66 கிலோடால்டனில் ஒரு பெரிய உருண்டையாக உட்கார்ந்து, கீழே உள்ள 40 கிலோடால்டன் பட்டைகளை நெளிய வைக்கும். ப்ளாட்டுக்குப் போகும் மீடியத்தில் பிஎஸ்ஏ வேண்டாம்.

வெஸ்டர்னில் லேன்களை ஒப்பிட உதவும் ஆக்டினோ ஜிஏபிடிஎச்சோ மீடியத்தில் கிடையாது. அவை தெரிந்தால் செல் செத்திருக்கிறது என்று பொருள். லேன்களைச் சமப்படுத்த செல் எண்ணிக்கைதான் அளவுகோல். ஓர் எடுத்துக்காட்டு: கட்டுப்பாட்டு ஃபிளாஸ்க்கில் 60 லட்சம் செல், மருந்து கொடுத்ததில் 40 லட்சம். இரண்டும் 250 மை.லி.யாகச் செறிவாக்கப்பட்டவை. முதலாவதில் 1 மை.லி. என்பது 24,000 செல்லின் மீடியம், இரண்டாவதில் 16,000. லேனுக்கு 2.4 லட்சம் செல் என்று வைத்தால், முதலாவதில் 10 மை.லி., இரண்டாவதில் 15 மை.லி. எடுக்க வேண்டும். இரண்டிலும் கண்ணை மூடிக்கொண்டு 10 எடுத்தால், செல்லைக் கொல்லும் எந்த மருந்தும் பிபி-யைக் குறைத்ததாகத்தான் காட்டும். ஆய்வறிக்கைகளில் அடிக்கடி தட்டுப்படும் பிழை இது.

லிகண்ட் ப்ளாட்

1986-இல் ஹோசன்லாப் குழு கொடுத்த முறை இது. சாரம் எளிது: ஜெல்லில் பிரித்த புரதத்தை மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடிக்குப் பதில் ஐஜிஎஃப்-ஐயே ஊற்றிப் பார்ப்பது. ஐஜிஎஃப்-ஐப் பிடிக்கத் தெரிந்த புரதம் மட்டும் ஒளிரும். அப்போது அயோடின்-125 ஏற்றிய ஐஜிஎஃப். அதன் அரை ஆயுள் சுமார் 60 நாள். மலேசியாவில் அதைத் தொட 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் உரிமமும் பயிற்சி பெற்ற பொறுப்பாளரும் வேண்டும். இன்று பயோட்டின் ஏற்றிய ஐஜிஎஃப் கிடைக்கிறது. ஒரு மாணவர் திட்டத்துக்கு அதுவே போதும்.

12.5 சதவீத ஜெல். மாதிரி பஃபரில் டிடிடி, மெர்காப்டோஎத்தனால் போன்ற ஒடுக்கும் பொருள் துளியும் கூடாது. பிபி-யின் வடிவத்தைக் காப்பது டைசல்பைடு பிணைப்புகள். அவை உடைந்தால் ஐஜிஎஃப் ஒட்டாது, ப்ளாட் வெறுமையாகும். லேபில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் மாதிரி பஃபரில் பெரும்பாலும் டிடிடி ஏற்கெனவே இருக்கும், ஆகவே சொந்தமாகக் கலக்குங்கள். மார்க்கரில் ஒடுக்கும் பொருள் இருந்தால் அது பக்கத்து லேனுக்குப் பரவும். நடுவே ஒரு லேனைக் காலியாக விடுங்கள். சாயம் ஏற்றிய மார்க்கர் ஒடுக்கப்படாத ஜெல்லில் சரியான எடையைக் காட்டாது என்பதால் அதை மட்டும் நம்பி பட்டைக்குப் பெயர் வைக்க வேண்டாம். மனித சீரம் 2 மை.லி. ஒரு லேனில் ஓட்டுங்கள். 41.5, 38.5, 34, 30, 24 என்று அதில் வரும் ஏணிதான் உண்மையான மார்க்கர்.

0.2 மைக்ரான் நைட்ரோசெல்லுலோஸில் ஈர மாற்றம், 100 வோல்ட், ஒரு மணி நேரம், ஐஸ் கட்டியோடு. 0.45 மைக்ரானில் பிபி-4 ஊடுருவிப் போய்விடும். மாற்றிய பின் பான்சோ சாயம் போட்டுப் படம் எடுத்து வையுங்கள்.

இனி வருவது எல்லாம் 4 டிகிரியில், 10 மில்லிமோலார் டிரிஸ், 150 மில்லிமோலார் உப்பு, பிஎச் 7.4 பஃபரில். என்பி-40 3 சதவீதம், 30 நிமிடம்: எஸ்டிஎஸ்-ஐ உறிஞ்சி எடுத்து, புரதத்தைத் தன் வடிவுக்குத் திரும்ப விடும் படி. இதைச் சுருக்கக் கூடாது. அடுத்து பிஎஸ்ஏ 1 சதவீதம், 2 மணி நேரம். அடுத்து ட்வீன்-20 0.1 சதவீதம், 10 நிமிடம். பிறகு பயோட்டின் ஐஜிஎஃப்-2, மி.லி.க்கு 50 நானோகிராமில் தொடங்கி, பிஎஸ்ஏ 1 சதவீதமும் ட்வீன் 0.1 சதவீதமும் உள்ள பஃபரில், இரவு முழுவதும். ஐஜிஎஃப்-2 ஆறையும் பிடிக்கும் என்பதால் முதல் தேர்வு அது. மெம்பிரேனைச் சின்னப் பட்டைகளாக வெட்டிப் பையில் அடைத்தால் 2, 3 மி.லி. போதும், இந்த லிகண்ட் விலைக்கு அந்த மிச்சம் பெரிது.

மறுநாள் ட்வீன் பஃபரில் 15 நிமிடமாக மூன்று கழுவல், பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின்-எச்ஆர்பி (எச்ஆர்பி ஒளி தரும் நொதி) 45 நிமிடம், மறுபடி நன்றாகக் கழுவி ஒளிரும் கரைசல்.

பால் பவுடரை இந்த ப்ளாட்டின் பக்கமே கொண்டுவராதீர்கள். பாலில் பயோட்டினும் இருக்கிறது, பிணைப்புப் புரதமும் இருக்கிறது. பிஎஸ்ஏ-யிலும் மலிவான வகையில் ஐஜிஎஃப்-ம் பிபி-யும் கலந்திருக்கும். ரேடியோ இம்யூனோஅசே தரம் என்று போட்டதை வாங்குங்கள். அசைடு சேர்த்த பஃபரும் ஆகாது. கதிரியக்க முறைக்கு அது தொல்லையில்லை; எச்ஆர்பி-யை அது கொன்றுவிடும். பழைய குறிப்பை அப்படியே பகர்த்தி எழுதியவர்களுக்கு பட்டையே இல்லாத படம் கிடைப்பது இதனால்தான்.

ஒரே மாதிரியை மூன்று பட்டைகளில் ஓட்ட வேண்டும். ஒன்று லிகண்டோடு. ஒன்று லிகண்டோடு 100 மடங்கு, அதாவது மி.லி.க்கு 5 மைக்ரோகிராம், பயோட்டின் ஏற்றாத ஐஜிஎஃப்-ம் சேர்த்து. ஒன்று லிகண்டே இல்லாமல் ஸ்ட்ரெப்டாவிடின் மட்டும். இரண்டாவதில் மறைகிற பட்டைதான் உண்மையான பிணைப்பு. மூன்றாவதிலும் தெரிகிற பட்டை செல்லின் சொந்தப் பயோட்டின் புரதம், அதை அடித்துவிடுங்கள்.

ஆன்டிபாடி ப்ளாட்டும் 30 கிலோடால்டன் குழப்பமும்

அதே ஜெல்லின் மறு பாதியை பிபி-3 ஆன்டிபாடியால் பாருங்கள். பல இடங்களை அடையாளம் காணும் பாலிகுளோனல் நல்லது. ஒரே இடத்தை மட்டும் பார்க்கும் மோனோகுளோனலுக்குச் சில துண்டுகள் தெரியாமலே போகும். 40 கிலோடால்டன் அருகே இரட்டைப் பட்டை முழுப் புரதம். 30 அருகே ஒன்று வந்தால் அது துண்டு என்று உடனே எழுதிவிடத் தோன்றும். நில்லுங்கள். சர்க்கரை ஒட்டாத பிபி-3-ம் 29 கிலோடால்டனில்தான் வரும். ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த பிபி-3-ஐ ஸ்டாண்டர்டாக வாங்கியிருந்தால் அது முழுதாகவே 30 பக்கத்தில் ஓடும். செல்லின் துண்டும் அங்கேயே இருக்கும். இரண்டும் ஒன்றுபோல் தெரியும்.

பிரிக்க வழி உண்டு. பிஎன்ஜிஏஸ்-எஃப் நொதியால் மாதிரியின் சர்க்கரையை நீக்கி மறுபடி ஓட்டுங்கள். முழுப் புரதம் 40-லிருந்து 29-க்கு இறங்கும். சர்க்கரை உள்ள துண்டு 30-லிருந்து இன்னும் கீழே போகும். முன்பே சர்க்கரை இல்லாதது நகராது. ஸ்டாண்டர்டாக விலங்குச் செல்லில் தயாரித்த, சர்க்கரை உள்ள பிபி-3 வாங்குவது இதைவிட எளிது. விலை கூடுதல்தான், ஆனாலும் அதை வாங்குங்கள்.

இரண்டு ப்ளாட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஆன்டிபாடியில் 30 வலுவாகவும் லிகண்டில் 40 மங்கலாகவும் இருந்தால் வெட்டு நடந்திருக்கிறது. இரண்டிலும் 40 சமமாக ஏறினால் உண்மையாகவே கூடியிருக்கிறது. ஆன்டிபாடியில் 40 வலுவாக இருந்தும் லிகண்டில் ஒன்றுமே இல்லையென்றால் முதலில் பஃபரில் டிடிடி கலந்ததா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.

எலைசா

இதில் கிட்டின் தாளே வழிகாட்டும். அது சொல்லாதவை மட்டும். சீரத்தில் பிபி-3 மி.லி.க்கு மைக்ரோகிராம் கணக்கு, செல் மீடியத்தில் நானோகிராம் கணக்கு. சீரத்துக்குச் சொன்ன நீர்ப்பு மீடியத்துக்குப் பொருந்தாது. முதல் தடவை நீர்க்காதது, 2 மடங்கு, 4 மடங்கு, 8 மடங்கு என நான்கையும் ஓட்டுங்கள். எடுத்துக்காட்டாக நீர்க்காததில் 2.4, 2 மடங்கில் 1.7, 4 மடங்கில் 0.9 என்று வந்தால், பெருக்கிய பின் 2.4, 3.4, 3.6. நீர்க்காத மாதிரியில் ஏதோ குறுக்கிடுகிறது. 4 மடங்கில் தொடருங்கள். தெரிந்த அளவு பிபி-3 சேர்த்து 80 முதல் 120 சதவீதம் திரும்பக் கிடைக்கிறதா என்றும் ஒருமுறை சரிபாருங்கள்.

நம் ஊர்ச் சிக்கல் ஒன்று. 'அறை வெப்பநிலை' என்று தாளில் போட்டிருப்பது 20 முதல் 25 டிகிரி. ஏர்கோன் நின்ற சனிக்கிழமை மதியத்தில் பினாங்கு லேபின் அறை வெப்பநிலை 30-ஐத் தாண்டும். டிஎம்பி நிறம் சீக்கிரம் ஏறி மேல் ஸ்டாண்டர்டுகள் எல்லாம் ஒரே எண்ணில் போய் முட்டும். தட்டின் ஓரக் குழிகள் நடுக் குழிகளைவிட முந்தும். 25 டிகிரி இன்குபேட்டரில் தட்டை மூடி வையுங்கள்.

கிட், லிகண்ட் வாங்குவதிலும் நாள்காட்டி பாருங்கள். ஜனவரி கடைசி, பிப்ரவரி வாரங்களில் தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் வரும், கோலாலம்பூரில் கூட்டரசுப் பிரதேச தினமும் சேரும். நோன்புப் பெருநாள் வாரமும் அப்படியே. உலர்பனியில் வரும் பெட்டி விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை சுங்கத்தில் நின்றால், திங்கட்கிழமை கையில் கிடைப்பது வெதுவெதுப்பான பெட்டி. திங்கள் அல்லது செவ்வாயில் வந்து சேரும்படி கேட்டு, பெட்டியைத் திறந்ததும் பனிக்கட்டி மிச்சம் இருக்கிறதா என்று படம் எடுத்து வையுங்கள். விற்பனையாளரிடம் மாற்றிக் கேட்க அதுதான் ஆதாரம்.

வெட்டுகிற நொதி எது

தடுப்பான் சேர்க்காத மீடியம் 20 மை.லி., சர்க்கரை உள்ள பிபி-3 100 நானோகிராம், பிஎச் 7.4, 37 டிகிரி. 0, 2, 6, 24 மணி நேரத்தில் ஒவ்வொரு பங்கு எடுத்து மாதிரி பஃபரில் நிறுத்துங்கள். பக்கத்தில் இடிடிஏ 10 மில்லிமோலார் சேர்த்த ஒரு வரிசை, அப்ரோட்டினின் சேர்த்த ஒரு வரிசை. இடிடிஏ தடுத்தால் எம்எம்பி போன்ற உலோக நொதிகள்; அப்ரோட்டினின் தடுத்தால் பிளாஸ்மின் போன்ற செரின் நொதிகள். இரண்டும் தடுக்கவில்லை, ஆனால் பிஎச் இறக்கினால் மட்டும் வெட்டு கூடுகிறது என்றால் காதெப்சின்-டி பக்கம் பாருங்கள், பெப்ஸ்டாட்டின் அதை உறுதி செய்யும். செல் காணாத வெறும் மீடியத்தோடு ஒரு 24 மணி நேர லேன் கட்டாயம்; பிபி-3 தானாகவே உதிரவில்லை என்று அதுதான் காட்டும்.

இந்தச் சோதனைக்குச் சிறந்த நேர்மறைக் கட்டுப்பாடு கடைசி மூன்று மாதக் கர்ப்பிணியின் சீரம். அதில் பிபி-3 ஆன்டிபாடி அளவீட்டில் வழக்கம்போல் இருக்கும், லிகண்ட் ப்ளாட்டில் கிட்டத்தட்டக் காணாமல் போயிருக்கும். இரண்டு முறைகள் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. பிஎம்எஸ்எஃப், இடிடிஏ எதுவும் சேர்க்காமல் எடுத்ததாக இருக்க வேண்டும்.

பிடித்து வைக்கிறதா, தனியாக வேலை செய்கிறதா

பிபி-3 செல் வளர்ச்சியைக் குறைத்தால் ஐஜிஎஃப்-ஐப் பிடித்து வைத்ததால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. ஐஜிஎஃப் இல்லாமலே எச்எஸ்-578டி வளர்ச்சியை அது குறைப்பது 1993-லேயே காட்டப்பட்டது. அது செல்லின் கருவுக்குள்ளும் போகும். இன்னொரு பக்கம், பேசல் வகைச் செல்களில் ஸ்பிங்கோசின் கைனேஸ்-1 வழியாக இஜிஎஃப் ஏற்பியின் சமிக்ஞையை அது கூட்டிவிடுகிறது என்றும் தெரிந்திருக்கிறது. எதிரும் புதிருமான இந்த முடிவுகளை மறைத்து 'பிபி-3 ஒரு கட்டி தடுப்பான்' என்று ஒரே வரியில் முடிக்கும் முன்னுரைகளைப் பார்த்து எழுதாதீர்கள்.

பிரித்துப் பார்க்க ஐஜிஎஃப்-1-க்குப் பக்கத்தில் அதன் மாற்று வடிவங்களான எல்ஆர்3 அல்லது டெஸ்(1-3) ஐஜிஎஃப்-1 வாங்குங்கள். இவை ஏற்பியைத் தூண்டும், பிபி-யிடம் மட்டும் சரியாக ஒட்டாது. கணக்கு மோலில் போடுங்கள்: ஐஜிஎஃப்-1 மி.லி.க்கு 10 நானோகிராம் என்பது 1.3 நானோமோலார்; பிபி-3-ஐ 40 கிலோடால்டன் என்று எடுத்தால் சமமாக்க 52 நானோகிராம் வேண்டும். நானோகிராமுக்கு நானோகிராம் என்று 10-ஐப் போட்டுவிட்டு 'விளைவில்லை' என்று எழுதுவது வீண் வேலை. 1 மடங்கு, 4 மடங்கு இரண்டும் செய்யுங்கள். பிபி-3 ஐஜிஎஃப்-1-ஐ மட்டும் தடுத்து எல்ஆர்3-ஐத் தடுக்கவில்லை என்றால் பிடித்து வைத்தல். இரண்டையும் தடுத்தால் தனி வேலை, அல்லது வாங்கிய புரதத்தில் மாசு. கொதிக்க வைத்த பிபி-3 ஒரு குழியில் போட்டால் மாசைப் பிடிக்கலாம்.

சேர்க்கும் வரிசையும் முடிவை மாற்றும். பிபி-3-ம் ஐஜிஎஃப்-ம் ஒன்றாகப் போட்டால் தடுப்பு. பிபி-3-ஐச் செல்லோடு முன்பே ஒரு நாள் வைத்துவிட்டுப் பிறகு ஐஜிஎஃப் கொடுத்தால், ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் விளைவு கூடியிருக்கிறது. எது முதலில், எத்தனை மணி நேரம் முன்பு என்று செய்முறையில் எழுதுங்கள். அளவீட்டுக்கு ஏக்டி புரதத்தில் பாஸ்ஃபேட் ஏறியது 15 நிமிடத்திலும், டிஎன்ஏ அளவு நான்காம் நாளிலும். எம்டிடி நிறச் சோதனை வேண்டாம், ஐஜிஎஃப் செல்லின் வளர்சிதை மாற்றத்தையே கூட்டும் என்பதால் செல் பெருகாமலே நிறம் ஏறும்.

நோயாளி மாதிரிக்குப் போகும் முன்

இரத்தத்தில் உள்ள பிபி-3-இல் பெரும்பங்கு கல்லீரலிலிருந்து வருவது. அங்கே அது ஐஜிஎஃப்-ம் ஏஎல்எஸ் என்ற புரதமும் சேர்ந்து 150 கிலோடால்டன் கூட்டாகச் சுற்றுகிறது; இரத்த ஐஜிஎஃப்-இல் முக்கால் பங்குக்கு மேல் இந்தக் கூட்டில்தான். கட்டி சுரப்பது அதில் தெரியாது. 12 நாடுகளின் 17 ஆய்வுகளைச் சேர்த்து 2010-இல் வந்த பகுப்பாய்வில் ஐஜிஎஃப்-1 கூடியவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கூடியிருந்தது. ஐஜிஎஃப்-1-ஐக் கணக்கில் எடுத்தபின் பிபி-3-க்குத் தனித் தொடர்பு நிற்கவில்லை. கட்டித் திசுவிலோ பிபி-3 கூடுதலாக இருப்பது ஏற்பியற்ற, மோசமான கட்டிகளோடு சேர்ந்து வருகிறது. செல், திசு, இரத்தம் மூன்றையும் ஒரே படத்தில் ஒட்ட வேண்டாம்.

உறவினர்களும் நண்பர்களும் கேட்பார்கள், தனியார் லேபில் இதைச் சோதித்துப் பார்க்கலாமா என்று. மருத்துவமனையில் பிபி-3 பார்ப்பது பெரும்பாலும் பிள்ளைகளின் வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டுக்கு. மார்பகக் கட்டிக்குச் சிகிச்சை முடிவெடுக்க டாக்டர் பார்ப்பது பயாப்சி அறிக்கையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2, கேஐ-67. அந்தப் பணத்தை இதில் போட வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

நோயாளி சீரமோ திசுவோ எடுப்பதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி மாதிரி எடுப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவமனை என்றால் என்எம்ஆர்ஆர் (தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேடு) பதிவும் சேரும். மாதங்கள் ஆகும் வேலை, எனவே செல் வேலை ஓடும்போதே விண்ணப்பியுங்கள். சீரத்தைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள்; உருக்கி உறைய வைத்ததை ப்ளாட்டுக்கு எடுக்க வேண்டாம். இரத்தம் பட்ட டிப், டியூப் எல்லாம் எஸ்டபிள்யூ 404 எனப்படும் மருத்துவக் கழிவு, மஞ்சள் பையில். அக்ரிலமைடு கரைசலும் மெத்தனால் கலந்த மாற்று பஃபரும் வேதிக் கழிவு. அவற்றைத் தொட்டியில் ஊற்றாமல் தனித்தனி பாட்டிலில் பெயர், தேதி எழுதி ஒப்படையுங்கள்.